பிரிக்காத வெடிக்கட்டு

பாலகுமாருக்குத் தன் வண்டியின் மேல் இருந்த பித்தைப் பற்றிக் கீழ் கோத்தகிரியில் பேசாத வாய் கிடையாது. எஸ்டேட்டில் பறித்த பச்சை இலையை மூட்டை மூட்டையாக ஏற்றி ஃபேக்டரியில் இறக்கும், பெட்ரோலில் ஓடும் சின்ன லாரி அது. மகளுக்குக் காது குத்துவதை இரண்டு முறை தள்ளிப்போட்டவன், வண்டிக்கு ஏதாவது வாங்குவதை ஒரு முறையும் தள்ளிப்போட்டதில்லை. சிலோனிலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு வந்து இறங்கிய குடும்பத்தில் சொந்தமாக வண்டி வைத்த முதல் ஆள் அவன்தான். அதனால் கொஞ்சம் ஆட்டம் போட்டால் போடட்டும் என்று மனைவி ரஞ்சனியும் விட்டுவைத்திருந்தாள்.

கோயமுத்தூருக்குப் போன ஒரு நாள், பழைய சாமான் கடையில் அகலவாய் சைலன்சர் ஒன்றும், கண்ணைப் பறிக்கும் வெள்ளை எல்.இ.டி. பல்புகளும் வாங்கி வந்தான். ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டுப் படுத்த நிலையிலேயே மாட்டினான். ரஞ்சனி ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். பல்பு சொன்னபடி கேட்டது. சைலன்சர்தான் முரண்டு பிடித்தது. மூட்டில் புகை கசியாமலிருக்க வைக்கிற கேஸ்கெட் கழற்றும்போதே கிழிந்துவிட்டது. புதிது வாங்கக் கோத்தகிரி வரை யார் போவது? எண்ணெய் டின் தகடை வெட்டி நடுவில் வைத்து முறுக்கினான். மெக்கானிக் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

வண்டியைக் கிளப்பி ஆக்சிலேட்டரை மிதித்துக் காலை எடுத்தான். பட், பட், படார் என்று வெடித்தது. அவன் முகமெல்லாம் பல்.

"ஏனுங்க, இது வெடி போடற மாதிரியே இருக்குதுங்க. எஸ்டேட்டுக்குள்ள இப்படியா போவீங்க?" என்றாள் ரஞ்சனி.

"காட்டுமாடு ஒதுங்கி வழி விடுமில்ல?" என்று சிரித்தான்.

அவள் கேட்டதில் விஷயம் இருந்தது. அந்த எஸ்டேட்டில் வெடிச்சத்தத்துக்கு ஓர் அர்த்தம் உண்டு. தேயிலைக்குள் காட்டுமாடு என்கிற காட்டெருமை வந்து படுத்துக்கொண்டால் அதை விரட்ட வெடி போடுவது வாட்ச்மேன் இருளப்பனின் வேலை. போடுவதற்கு முன்னால் வாயைக் குவித்து, "வெடி போடறேன், ஒதுங்குங்க!" என்று மலை கேட்கக் கத்துவார். இலை பறிக்கும் பெண்கள் ரோட்டோரம் வந்து நின்ற பிறகுதான் திரியில் நெருப்பு வைப்பார். கத்தாமல் வெடி கேட்டால், கத்தக்கூட நேரமில்லாமல் மாடு மேலே பாய்ந்துவிட்டது என்று பொருள். அப்போது யாரும் யோசிக்கக் கூடாது. இருந்த இடத்திலிருந்து ஓட வேண்டும்.

மறுநாள் மதியமே மஞ்சு இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாதபடி மூடிவிட்டது. மேல் ரோட்டிலிருந்து காலி வண்டியோடு இறங்கிய பாலகுமார், கொண்டை ஊசி வளைவில் காலை எடுத்தான். பட், பட், படார். கேட்க நன்றாக இருந்ததால், இன்னொரு முறை மிதித்து எடுத்தான்.

வளைவைத் தாண்டியதும் கூச்சல் கேட்டது. ரோட்டில் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். மழைத்தண்ணீர் போக வெட்டிய கானுக்குள் இலை பறிக்கும் வீரம்மா கிடந்தாள். முதுகில் இலைமூட்டையோடு ஓடியவள் கால் தவறி விழுந்திருக்கிறாள். முழங்காலுக்குக் கீழே கால் பார்க்கக்கூடாத கோணத்தில் திரும்பியிருந்தது.

"மாடு வந்துருச்சு தம்பி! இந்த இருளப்பன் கத்தாமயே வெடியப் போட்டுட்டாரு!" என்று ஒருத்தி அழுதாள்.

மாடும் வரவில்லை, மண்ணாங்கட்டியும் வரவில்லை, வந்தது தன் வண்டிதான் என்று அந்த நிமிடமே பாலகுமாருக்குப் புரிந்துவிட்டது. சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் பெண்கள் வீரம்மாவைத் தூக்கி வண்டியில் கிடத்தத் தொடங்கியிருந்தார்கள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டான்.

சத்தம் கேட்டு மலையின் மறுபக்கத்திலிருந்து இருளப்பன் ஓடிவந்தார். "யாரு போட்டது?" என்று கேட்டார். பெண்கள் அவரையே முறைத்தார்கள். அவரும் கேள்வியை விட்டுவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

வண்டி மறுபடி வெடித்துவிடாதபடி, மிதித்த காலைச் சட்டென்று எடுக்காமல் ஓட்டினான் பாலகுமார். கோத்தகிரி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான் அந்த வெள்ளை பல்பின் லட்சணம் தெரிந்தது. வெளிச்சம் மஞ்சில் பட்டுத் திரும்பி வந்து கண்ணாடிக்கு முன்னால் சுவராக நின்றது. ரோடு எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. பின்னால் வீரம்மா ஒவ்வொரு குலுக்கலுக்கும் கத்தினாள்.

"நிறுத்து தம்பி," என்றார் இருளப்பன். வெடி வைத்திருந்த தன் மஞ்சப்பையைக் கவிழ்த்தார். உள்ளே இருந்த வெடிக்கட்டு சீட்டில் விழுந்தது. பையை இரண்டாகக் கிழித்துக்கொண்டு இறங்கிப்போய் இரண்டு விளக்குகளின் மேலும் இழுத்துக் கட்டினார். வெளிச்சம் மஞ்சளாக அடங்கி, ரோடு கண்ணுக்குத் தெரிந்தது. பாலகுமார் பார்த்தது ரோட்டை அல்ல, சீட்டில் கிடந்த வெடிக்கட்டை. அந்தக் கட்டின் மேல்தாள்கூடப் பிரிக்கப்படவில்லை.

அடுத்த வளைவில் அது உருண்டு சீட்டுக்கு அடியில் போனது. அவன் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வீரம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ மட்டும் அந்நேரம் வராம இருந்திருந்தா என் கதி என்ன தம்பி? நல்லாயிருப்ப," என்றாள். அந்த வாழ்த்து அவனை அறைந்தது. பிடித்த கையை உதறவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

அன்று சாயங்காலமே சைலன்சரைக் கழற்றிப் பழையதை மாட்டினான். புதியதைக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடினான். ரஞ்சனி வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் ஊர் வாயில் அந்த வராத மாட்டுக்குக் கொம்பு முளைத்து, நெற்றியில் வெள்ளை விழுந்து, ஒரு கண்ணும் பொட்டையாகிவிட்டது. கண்ணால் பார்த்தவர்கள் மட்டும் அரை டஜன் பேர்.

மறுநாள் மேனேஜர், மாட்டுத்தடமே இல்லாத இடத்தில் கத்தாமல் வெடி போட்டு ஆளை விழவைத்தார் என்று இருளப்பனை ஆபீசுக்குக் கூப்பிட்டார். இலை லோடு விஷயமாகப் பாலகுமாரும் அங்கே நின்றிருந்தான்.

"நான் வெடியே போடலைங்க சார். கட்டைப் பிரிக்கவே இல்லீங்க," என்றார் இருளப்பன்.

"அப்ப அந்தக் கட்டு எங்கே?"

"ஆஸ்பத்திரிக்கு ஓடின பதட்டத்துல எங்கயோ விட்டுட்டனுங்க." சட்டென்று திரும்பினார். "தம்பி, உன் வண்டியில கெடக்குதா பாத்தியா?"

கிடந்தது. அதை எடுத்துக் கொடுத்தால், அப்புறம் வெடித்தது எது என்ற கேள்வி வரும். இலை லோடு கைவிட்டுப் போகும். "இல்லீங்கண்ணே," என்றான்.

"தம்பி இல்லீன்னா இல்லைதானுங்க சார். எங்கயோ விழுந்திருக்கும்," என்றார் இருளப்பன், அவனுக்காக வாதாடுவதுபோல.

வேலை இல்லை, மாதக் கடைசிக்குள் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. இருளப்பன் கும்பிட்டுவிட்டு வெளியே போனார்.

வீட்டுக்கு வந்த பாலகுமாருக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். தன்னைப்போல் ஒரு கேடுகெட்டவன் இந்த மலையில் இருக்க மாட்டான் என்று தோன்றியது.

"கழட்டி ஒளிச்சுட்டா ஆச்சுங்களா?" என்றாள் ரஞ்சனி. "அவருக்கு ஊடு போகுதுங்க."

"சொன்னா நமக்கு லோடு போயிரும் புள்ள."

"போகட்டும். வேற லோடு கெடைக்கும். அந்த வயசுல அவருக்கு எந்த எஸ்டேட்டுல லயம் குடுப்பாங்க?"

எழுந்து போய்ச் சாக்கை விலக்கினான். ரஞ்சனி ஸ்பேனரை எடுத்து வந்தாள்.

காலையில், அன்றைய வேலைக்கு ஆள் பிரிக்கும் களத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பெண்கள், மேஸ்திரி, மேனேஜர். மிச்சக் கூலிக்காக ஓரமாக இருளப்பனும் வந்து நின்றிருந்தார். பாலகுமார் மேல் வளைவில் வண்டியை நிறுத்தினான். நடந்துபோய்ச் சொல்லலாம்தான். ஆபீஸில் வராத வார்த்தை இத்தனை பேர் முன்னால் வரும் என்று அவனுக்கு நம்பிக்கை இல்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"வெடி போடறேன், ஒதுங்குங்க!"

பெண்கள் பழக்கத்தில் ரோட்டோரம் ஒதுங்கிவிட்டு, அதற்கப்புறம்தான் இருளப்பனைப் பார்த்தார்கள். அவர் வாய் மூடியிருந்தது. வண்டி இறங்கியது. பட், பட், படார்.

"அன்னிக்கும் இதேதான்," என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சைலன்சரையே பார்த்தார்.

பாலகுமார் இறங்கினான். சீட்டுக்கு அடியிலிருந்து வெடிக்கட்டை எடுத்துவந்து இருளப்பனிடம் நீட்டினான். "என் வண்டியிலதான் கெடந்துதுங்கண்ணே," என்றான்.

இருளப்பன் கட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு வண்டியின் முன்பக்கம் பார்த்தார். இரண்டு விளக்குகளிலும் அவருடைய மஞ்சப்பைத் துணி கட்டியபடியே இருந்தது.

"உனக்கு ரோடு தெரியலைன்னுதானே தம்பி, என் பையக் கிழிச்சேன்," என்றார்.