சத்தம் போடாத கோளாறுகள்

எங்கள் தொழிலில் கத்துகிற கோளாறு நல்ல கோளாறு. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள், அதுதான் ஆளைச் சாப்பிடும்.

சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன் என்றால் சொந்தக்காரர்களே நம்புவதில்லை. ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் ஓர் உரக்கடை, அதன் மாடியில் எங்கள் ஆபீஸ். மழைக்காலத்தில் யூரியா வாசனையோடுதான் புரோகிராம் கோடு எழுதுவோம். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவரை விட்டால் ஜெபராஜும் நானும். பூக்கடை, கல்யாண மண்டபம், லேப் என்று ஊரில் பலருக்கும் இணையதளம் செய்து கொடுத்திருக்கிறோம். அவற்றில் பாதிக்கு மேல் எழுதியது, எனக்கு முன்னால் இங்கே இருந்துவிட்டு பெங்களூருக்குப் போய்விட்ட சுரேஷ். அவன் எழுதியதைப் பராமரிப்பது என் பிழைப்பு.

இந்த வேலைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது எதிர்பாராத ஒன்று நடந்தால் அது கூப்பாடு போடும். அதற்குப் பெயர் எக்ஸப்ஷன். எழுதுகிறவர் அதைப் பிடித்து, என்ன ஏது என்று விசாரித்து, ஆவன செய்ய வேண்டும். சிலர் பிடிப்பார்கள், விசாரிக்க மாட்டார்கள். பிடித்த இடத்தில் ஒன்றுமே எழுதாமல் அடைப்புக்குறியை மூடிவிடுவார்கள். கூப்பாடு அங்கேயே அமுங்கிப்போகும். திரையில் பச்சை எழுத்தில் ‘நன்றி’ என்று வரும். இதே வேலை பார்க்கிறவர்களுக்கு இதற்குள் தங்கள் பழைய கோடு ஒன்று ஞாபகம் வந்திருக்கும். வாருங்கள், சேர்ந்தே அனுபவிப்போம்.

பூப்பெட்டி

மாரியப்பன் பூ வியாபாரி. விடியற்காலையில் மல்லிகையை ஐஸ் போட்டுப் பெட்டியில் கட்டி, புனலூர் போகும் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று எங்கள் தளத்தில் பதிந்தால், அங்கே வாங்குகிறவருக்கு மெசேஜ் போகும். அவர் வந்து இறக்கிக்கொள்வார். ஒரு வைகாசி முகூர்த்தத்தன்று புனலூரில் யாரும் வந்து இறக்கவில்லை. பெட்டி கடைசி ஸ்டாப் வரை போய், மறுநாள் அதே பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டது. பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார் மாரியப்பன். “மெசேஜ் போச்சுன்னு காட்டுதே, ஏன் போகல?” என்றார்.

நான் என் நம்பருக்கு அனுப்பிப் பார்த்தேன், போனது. ஜெபராஜ் நம்பருக்கும் போனது. “நல்லாத்தானே வேலை செய்யுது” என்று மாரியப்பனிடம் சொன்னேன். அவர் நகரவில்லை. சரி, நீங்களே என் கண் முன்னால் அனுப்புங்கள் என்று கீபோர்டைத் தள்ளினேன். அப்போதுதான் பார்த்தேன், புனலூர்க்காரர் புதிதாக இன்னொரு சிம் வாங்கியிருக்கிறார் என்று, மாரியப்பன் ஒரே கட்டத்தில் இரண்டு நம்பரையும் கமா போட்டு அடித்து வைத்திருந்தார். மெசேஜ் அனுப்பும் சேவை ‘இது நம்பரே இல்லை’ என்று திருப்பி அனுப்பியிருக்கிறது. அந்தக் கூப்பாட்டை எங்கள் கோடு அமுக்கிவிட்டு, ‘தகவல் அனுப்பப்பட்டது, நன்றி’ என்று சொல்லியிருக்கிறது.

விஷயத்தை விளக்கினேன். அவர் பெட்டியைத் திறந்து என் மேஜையில் வைத்தார். மல்லிகை காபிப் பொடி நிறத்தில் இருந்தது. “உங்க கம்ப்யூட்டரு பொய் சொல்லுதும்மா. பூ பொய் சொல்லாது, மோந்து பாருங்க.”

ராயகிரி மாப்பிள்ளை

திருமணத் தகவல் மையம் ஒன்றுக்கும் நாங்கள்தான் தளம் செய்து கொடுத்தோம். ராசி, நட்சத்திரம் பொருந்துகிற வரன்களை அதுவே தேடிக் காட்டும். ஒரு நாள் ராயகிரியைச் சேர்ந்த ஒருவர் நேராக எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார். விவசாயக் குடும்பம், தென்காசியில் ஆபீஸ் வேலை, பார்க்க லட்சணமாக இருந்தார். பதிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். தன்னோடு பதிந்தவர்களுக்கெல்லாம் பிள்ளையே பிறந்துவிட்டது, தனக்கு ஒரு போன் கூட வரவில்லை, தன் போட்டோ சரியாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

போட்டோ நன்றாகவே தெரிந்தது. ஆனால் எந்தப் பெண் வீட்டார் தேடினாலும் அவர் வரவில்லை. பிறந்த நேரத்தைப் பார்த்தேன். நள்ளிரவு தாண்டி ஐந்து நிமிஷத்தில் பிறந்தவர். மையத்தில் இருந்தவர்கள் அதை 24:05 என்று அடித்திருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு நேரம் கிடையாது. ஜாதகக் கணக்குப் போடும்போது ஒவ்வொரு தடவையும் எக்ஸப்ஷன் கிளம்பியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கோடு அதை விழுங்கிவிட்டு, அவரைத் தாண்டி அடுத்த மாப்பிள்ளைக்குப் போயிருக்கிறது.

00:05 என்று மாற்றிவிட்டுத் தேடிக் காட்டினேன். பொருந்துகிற பெண்கள் ஒரு பக்கம் நிறைய வந்தார்கள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, அசந்து போயிருந்தார். “தோஷம் இருக்குன்னு சொல்லி எங்கம்மா என்னைக் கூட்டிக்கிட்டு அலையாத கோயில் இல்ல மேடம். தோஷம் உங்ககிட்டயா இருந்துச்சு?”

தொடாதே

இந்த இரண்டுக்குப் பிறகு, சுரேஷ் எழுதிய கோடில் இப்படி வாயடைத்த இடம் இன்னும் எத்தனை இருக்கும் என்று தேட ஆரம்பித்தேன். ஓர் இடத்தில் அவனே தமிழில் குறிப்பு எழுதி வைத்திருந்தான்: ‘இதைத் தொடாதே. தொட்டால் நின்றுவிடும்.’ பெங்களூருக்குப் போன் போட்டேன். நல்ல பையன், உடனே எடுத்தான். அது ஒரு டெமோ நாளாம். கஸ்டமர் மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறார், திரையில் சிவப்பாக ஏதோ வருகிறது, அண்ணாச்சி ‘எதையாவது செஞ்சு அதை நிறுத்துலே’ என்கிறார். இவன் அடைப்புக்குறியை மூடிவிட்டான். நின்றுவிட்டது. கஸ்டமரும் கைகொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு எங்கே சிவப்பு வந்தாலும் அதே மருந்துதான்.

எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. படி ஏறுகிற காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? “சரி சுரேஷ், இப்போ அதை எடுத்திரட்டுமா?” என்று கேட்டேன். “அது எதுக்குன்னு எனக்கே இப்போ தெரியலக்கா. ஆனா எடுக்கும்போது சொல்லுங்க, நான் போனை ஆஃப் பண்ணி வச்சிருதேன்.”

செவசெவன்னு

எக்ஸப்ஷன் விழுங்கப்பட்டாலும் சரி, கிளம்புகிற இடத்திலேயே காட்டு என்று கேட்க ஒரு வசதி உண்டு. அதை ஒரு மதியம் எல்லாத் தளங்களுக்கும் போட்டுவிட்டேன். திரை முழுக்கச் சிவப்பு வரிகள் இறங்க ஆரம்பித்தன. ஜெபராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேட்ச் பார்ப்பதுபோல் பார்த்தான்.

சாப்பாட்டுக்குப் போயிருந்த அண்ணாச்சி கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். “ஏலே ஜெபா, என்னத்தலே செஞ்சீங்க? காலையில நல்லாத்தான இருந்துச்சு?” புதிதாக எதுவும் நடக்கவில்லை, இத்தனை நாளும் நடந்துகொண்டிருந்ததுதான், இப்போதுதான் கண்ணில் படுகிறது என்று நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். புரிந்தது என்று தலையாட்டினார். பிறகு ஜன்னல் வழியாகக் கீழே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “எல்லாஞ் சரிதான் தாயி, ஆனா யாராச்சும் மேல ஏறி வந்தா மட்டும் அதைக் கொஞ்சம் மூடிக்கோ.”

நார்மல்

அந்தச் சிவப்பு வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது, ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வரி வந்தது. அதை நடத்துபவர் கிரேஸ் அக்கா. சோதனை இயந்திரத்திலிருந்து எண்கள் வயர் வழியாக எங்கள் தளத்துக்கு வரும். தளம் ரிப்போர்ட் தயாரித்து நோயாளியின் போனுக்கு அனுப்பிவிடும். அக்கா ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்த வாரம், புது இயந்திரம் மாட்டியிருந்தார்கள். ரத்தத் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், ரொம்பவும் குறைந்திருந்தால், ‘இதைக் கவனி’ என்று அது எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடும். எங்கள் தளத்துக்கு எண் மட்டும்தான் தெரியும். நட்சத்திரத்தைக் கண்டதும் எக்ஸப்ஷன், வழக்கம்போல் வாயடைப்பு. எண் இருக்க வேண்டிய கட்டம் காலியாகிவிட, பக்கத்துக் கட்டத்தில் முன்கூட்டியே போட்டு வைத்திருந்த ‘நார்மல்’ மட்டும் அப்படியே போய்விட்டது. உடம்பு நன்றாக இருந்தவர்களுக்கெல்லாம் ரிப்போர்ட் சரியாக வந்தது. யாருக்கு ஆபத்தோ, அவர்களுக்கு மட்டும் தப்பாக வந்தது.

அன்று காலைதான் ஊர் திரும்பியிருந்த அக்காவிடம் ஓடினேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே அவர் இயந்திரத்தில் பழைய அளவுகளை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நட்சத்திரம் விழுந்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேரை டாக்டர்கள் ஆளைப் பார்த்தே சந்தேகப்பட்டு ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மூன்றாமவர் குருவிகுளம் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். அவர் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. “ஏறு வண்டில” என்றார் அக்கா. அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துகொண்டு போனேன். இரண்டு பக்கமும் காய்ந்த கரிசல். அடைப்புக்குறிக்கு நடுவே இருந்த அந்த வெற்று இடம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அந்த மனிதர் வீட்டுக்குள் சுருண்டு படுத்திருந்தார். ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவர் மனைவி எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அணைந்து கிடந்த அவர் போனை ஆன் செய்து எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினார். “நார்மல்னு வந்திருக்கே, நீங்க என்ன இப்படிச் சொல்லுதீய?” அது எங்கள் தளத்தின் ரிப்போர்ட். நாங்கள் தேர்ந்தெடுத்த பச்சை நிறத்தில் இருந்தது. “அது தப்பும்மா. என் லேப் தப்பு. கெளம்புங்க” என்றார் அக்கா. கார் பிடித்து திருநெல்வேலிக்கு அனுப்பி வைத்தோம். தட்டணுக்கள் ஏற்றி, அவர் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். தளத்திலிருந்து ரிப்போர்ட் போவதை நிறுத்தி வைத்ததோடு சரி, அந்தச் செய்தி வரும்வரை நான் ஒரு வரி கோடு எழுதவில்லை.

செய்தி வந்ததும் முதல் வேலையாக, எண் வரவில்லை என்றால் ரிப்போர்ட்டே போகக் கூடாது என்று மாற்றி எழுதி அக்காவிடம் காட்டினேன். அவர் தானே ஒரு நட்சத்திரக் குறியை அடித்துச் சோதித்துப் பார்த்தார். ‘அளவு கிடைக்கவில்லை, லேபுக்கு வரவும்’ என்று சிவப்பில் வந்தது. “இப்படித்தான் இருக்கணும். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும். நார்மல்னு சொல்ல அதுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?”

ஒரே மண்டபம், இரண்டு வீட்டார்

மேலநீலிதநல்லூர் ரோட்டில் இருக்கும் ஒரு மண்டபத்தின் மேனேஜர் தங்கபாண்டி. ஒரே நாளை இரண்டு பேருக்குக் கொடுக்க முடியாதபடிதான், பதிவுகளைச் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸ் அமைந்திருக்கிறது. இரண்டாவதாகக் கேட்டவரை அது மறுத்தது. அந்த மறுப்பையும் கோடு விழுங்கிவிட்டு, அவருக்கும் ‘பதிவு செய்யப்பட்டது, நன்றி’ என்று ரசீது கொடுத்துவிட்டது. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் இரண்டு வீட்டுக் காய்கறி வண்டியும் ஒரே வாசலில் வந்து நின்றன. நல்லவேளை, ஒரு வீட்டுக்கு விடியற்காலை முகூர்த்தம், இன்னொரு வீட்டுக்குப் பத்து மணிக்கு மேல். இரண்டு பெண்களின் அப்பாக்களும் கொஞ்ச நேரம் சத்தம் போட்டுவிட்டு, ஆளுக்குப் பாதி நாள் என்று பேசி முடித்தார்கள். யார் பந்தியில் யார் உட்கார்ந்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. தங்கபாண்டி அன்று முழுக்க ஜெனரேட்டர் ரூமை விட்டு வெளியே வரவில்லை என்று கேள்வி.

அதைச் சரிசெய்து, நாள் ஏற்கெனவே போய்விட்டிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லும்படி மாற்றினேன். பெயர் விடுபட்டால், நம்பர் தப்பினால், அதையும் சொல்லும். ஒரு மாதம் கழித்து தங்கபாண்டி போன் செய்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்து ஜெபராஜுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். “மேடம், முந்தியெல்லாம் ஒரு அமுக்கு அமுக்குனா நன்றின்னு வரும், மனசுக்கு நல்லா இருக்கும். இப்போ எதைத் தொட்டாலும் கேள்வி கேக்குது. அந்தப் பழசையே போட்டுக் குடுங்களேன்.”

ஆக, கோளாறு ஒளிந்திருந்தவரை எங்களைப் பாராட்டியவர்கள்தான் அதைக் கண்டுபிடித்த பிறகு எங்களைத் திட்டுகிறார்கள் என்பதால், திட்டுகிற போன் வருகிற நாளில், எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று நிம்மதியாக டீ குடிக்கப் போய்விடுகிறோம்.