நான் சொல்லாமல் விட்ட மூன்று மாதங்கள்

என் அண்ணனுக்கு என்ன நோய் என்று டாக்டர் சொல்வதற்கு முன்பே நான் முடிவு கட்டிவிட்டேன். மதுரையில் உளவியல் முதுகலை முடித்துப் போடிக்குத் திரும்பி சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. படித்ததை யாரிடமாவது காட்டியே ஆக வேண்டும் என்று கை துறுதுறுத்தது. காதில் குரல் கேட்கிறது, இல்லாததை இருப்பதாக நம்புகிறான், அப்படியானால் ஸ்கிசோஃப்ரினியா. தேனியில் டாக்டரம்மாவின் அறைக்குள் நுழையும்போதே என் கையில் ஒரு நோட்டு இருந்தது. குரல் என்றைக்கு ஆரம்பித்தது, என்ன சொன்னது, அவன் என்ன செய்தான் என்று பத்தி பிரித்து எழுதியிருந்தேன்.

எழுதாமல் விட்டது அதற்கு முந்தைய மூன்று மாதங்களை.

எங்களுக்குப் போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டம் இருக்கிறது. பறிப்புக் காலத்தில் பச்சைக் காய் மூட்டை மூட்டையாக ஸ்டோருக்கு வரும். காயை உலர்த்தும் கட்டடத்துக்குத்தான் அந்தப் பெயர். அடுப்பு மூட்டிவிட்டால் காய் உலர்ந்து முடியும்வரை ஒருவர் விழித்திருக்க வேண்டும். சூடு ஏறினால் பச்சை நிறம் போய்விடும், இறங்கினால் காய் புழுங்கிவிடும். அதனால் எங்கள் பக்கத்தில் தூங்காமல் இருப்பது ஒரு பெருமை. “எம்புள்ள ரெண்டு நாளா கண்ணசரல” என்று ஒரு தாய் சொன்னால் அது கவலை இல்லை, பீற்றல்.

போன வருடப் பறிப்பில் அண்ணன் அநேகமாகத் தூங்கவே இல்லை. இரண்டு மணி நேரம் படுப்பான். எழுந்தால் எட்டு மணி நேரம் தூங்கியவனைப் போலப் பளிச்சென்று இருப்பான். உலர்த்தும் தட்டுகளை அடுக்கும் முறையை மாற்றினான். காய் முன்னைவிடச் சீக்கிரம் உலர்ந்தது. காய் பறிக்கும் பெண்களிடம் அரைகுறை மலையாளத்தில் பாட்டுக் கட்டிச் சிரிக்க வைத்தான். முன்பின் தெரியாத ஜீப்புக்காரர்கள் எல்லாம் அவனுக்கு மாப்ளே ஆனார்கள். பேச்சு நிற்காது. ஏலப்பூவிலிருந்து தேன், தேனிலிருந்து மிட்டாய், மிட்டாய்க்கு ஒரு கடை, கடை துபாயில். ஒரு யோசனைக்கு நாம் தலையாட்டி முடிப்பதற்குள் அவன் மூன்றாவதில் இருப்பான்.

அந்த நாட்களில்தான் என் தேர்வு முடிவு வந்தது. முதல் வகுப்பு. சொல்லலாம் என்று ஓடினால், அப்பா போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். “தட்ட மாத்தி அடுக்குனான் பாருங்க, இத்தன வருசத்துல நமக்குத் தோணலயே! ஒத்த ஆளா ஸ்டோர தூக்கி நிறுத்துறான்.”

போனை வைக்கும்வரை காத்திருந்து, “அப்பா, ரிசல்ட்டு வந்துருச்சு. ஃபர்ஸ்ட் கிளாஸ்” என்றேன்.

“நல்லதுத்தா. அண்ணனுக்குச் சோறு மேல போகணும், ஜீப்பு நிக்கிது பாரு. வெரசா ஏத்திவிட்டு வா.”

அந்தத் தூக்குவாளியை ஜீப்பில் வைக்கும்போது, ரசத்தில் இன்னும் இரண்டு கை உப்பு அள்ளிப் போட்டிருக்கலாமே என்று நினைத்தேன்.

மூன்றாவது மாதக் கடைசியில் அவன் போடிமெட்டுக்குக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றுகொண்டு, வேலையாட்களை ஏற்றிவந்த ஜீப்புகளை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, யார் எங்கே உட்கார வேண்டும் என்று மாற்றி உட்கார வைத்திருக்கிறான்.

“அண்ணே, நேரமாச்சு, விடுண்ணே. சோலி கெடக்கு” என்று ஒரு ஓட்டுநர் கெஞ்சியிருக்கிறார்.

“இந்த மலையில ஓடுற அம்புட்டு ஜீப்பும் நம்ம ஜீப்புதான் மாப்ளே. மலையே என்னயக் கூப்ட்டுச் சொல்லுது, ஒனக்குக் கேக்கலயா?”

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். மத்தியானம் அப்பாவுக்குப் போன் வந்தது.

தேனியில் டாக்டரம்மா என் நோட்டைப் படித்துவிட்டுக் கேட்டார்: “இதுக்கு முன்னாடி ரெண்டு மூணு மாசம் எப்படி இருந்தார்? தூக்கம், பேச்சு, சுறுசுறுப்பு?”

அம்மா என்னைப் பார்த்தாள். “நீயே சொல்லுத்தா, படிச்சவ நீதான.”

“நார்மலாத்தான் இருந்தான் மேடம்” என்றேன். “பறிப்பு நேரம். எல்லாரும் முழிக்கிறதுதான்.”

அம்மாவும் அப்பாவும் தலையாட்டினார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது உண்மை. எனக்கு அது முழு உண்மை இல்லை. வீட்டில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன அவன் புகழை இங்கேயும் வந்து நான் பாட வேண்டுமா என்று ஒரு நொடி தோன்றியது. அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டேன். “இப்போதைக்கு” என்று சொல்லி ஸ்கிசோஃப்ரினியா என்று எழுதினார் டாக்டர். “நோட்டு நல்லா எழுதியிருக்கீங்க” என்றார். பஸ்சில் போடி வரும்வரை அந்த ஒரு வரியை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அண்ணன் பக்கத்து சீட்டில் இருந்தான்.

மாத்திரையில் சில வாரங்களிலேயே குரல் அடங்கியது. தைக்குப் பிறகு அவன் படுத்துவிட்டான். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தால் பொழுது சாயும்வரை அப்படியே. குளிக்கக் கெஞ்ச வேண்டும். அம்மா தட்டில் பிசைந்துவைத்து உருண்டை உருண்டையாக ஊட்டினாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு மாத்திரையும் சுடுதண்ணீரும்தான் கிடைக்கும். நோயிலும் அவனுக்குத்தான் முதல் வகுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

“இதும் அதே வியாதிதாம்மா. பேச்சு குறையும், எதுலயும் பிடிப்பு இருக்காது” என்று அம்மாவுக்குப் பாடம் எடுத்தேன்.

ஒரு நாள் தண்ணீர் கொண்டுபோனபோது அவன் அழுதுகொண்டிருந்தான். “ஏ பாப்பா, எல்லாரையும் நான் ஏமாத்திட்டேன்ல? தோட்டத்தக் கெடுத்ததே நாந்தான்.”

எனக்குத் திக்கென்றது. நான் பாடம் எடுத்த நிலையில் உணர்ச்சி வற்றிப்போனது போல் இருக்கும். இவனிடம் அது கொட்டிக்கொண்டிருந்தது. புத்தகத்தை எடுத்து, ஒரே ஒரு அத்தியாயத்தை மட்டும் படித்து வைத்திருந்த நான், மனநிலை உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறி மாறிப் போகும் பைபோலார் நோயின் அத்தியாயத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். இரண்டிலும் குரல் கேட்கலாம். இரண்டிலும் தன்னைப் பெரிய ஆளாகவோ, தனக்கு எதிராகச் சதி நடப்பதாகவோ நம்பலாம். இரண்டிலும் தூக்கம் கெடும், சுருண்டு படுப்பதும் நேரும். குரலை அடக்கும் மாத்திரைகூட இரண்டுக்கும் ஒன்றாக இருக்கலாம். அதனால் குரலை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. அது எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும். மனநிலை உச்சத்துக்கு ஏறும்போதோ பாதாளத்துக்கு இறங்கும்போதோ கூடவே வந்து, மனம் சமநிலைக்கு வரும்போது குரலும் போய்விட்டால் பைபோலார் பக்கம். மனநிலை ஏறாமல் இறங்காமல் இருக்கும்போதும் குரலும் நம்பிக்கைகளும் விடாமல் தொடர்ந்தால் ஸ்கிசோஃப்ரினியா பக்கம். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் நோய் ஒன்றும் இருக்கிறது. ஆக, டாக்டருக்கு வேண்டியிருந்தது குரலுக்கு முந்தைய மூன்று மாதங்கள்தான். அதை நான் என்னிடமே வைத்திருந்தேன்.

அடுத்த முறை நாங்கள் நால்வரும் போனோம். டாக்டர் அவனோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, “குரல் இல்ல, நல்லது. மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை சேர்க்கலாம்னு பாக்குறேன்” என்று பேனாவை எடுத்தார்.

பைபோலார் உள்ளவருக்கு அந்த வகை மாத்திரையை யோசிக்காமல் கொடுத்தால் மறுபடி அந்த உச்சத்துக்கே தூக்கிவிடக்கூடும் என்று முந்தின நாள்தான் படித்திருந்தேன். பேனா தாளைத் தொட்டது.

“மேடம், எழுதாதீங்க. நான் ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்.”

சொன்னேன். எந்த வாரத்திலிருந்து இரண்டு மணி நேரத் தூக்கம், தட்டு அடுக்கியது, மலையாளப் பாட்டு, தேன், மிட்டாய், துபாய், ஒரே நாளில் மூன்று முறை மலை ஏறி இறங்கியது, அப்போதும் களைக்காத முகம். நோட்டு எதுவும் தேவைப்படவில்லை. ஒவ்வொன்றும் நடந்த அன்று எனக்கு எங்கே எரிந்தது என்பதுவரை நினைவிருந்தது.

அம்மா வாயைப் பிளந்தாள். அப்பா, “அது பறிப்பு நேரம்ங்க டாக்டரம்மா, சோலி…” என்று இழுத்து நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் மெதுவாக என் பக்கம் திரும்பினான். “இம்புட்டையும் பாத்துக்கிட்டா இருந்த? ஒரு நா ஒரு வார்த்த நல்லாருக்குன்னு சொல்லலயே பாப்பா.”

“வயித்தெரிச்சல்ணே” என்றேன்.

அவன் உதடு லேசாக விரிந்தது. பல மாதங்களுக்குப் பிறகு.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. எழுத ஆரம்பித்ததை அடித்தார். “பைபோலாரா இருக்க வாய்ப்பு அதிகம். இன்னும் சில மாசம் பாத்தாதான் உறுதியா சொல்ல முடியும். மருந்தை மாத்துறேன், அதுக்கு முன்னாடி ரத்தம் பாக்கணும்.” அப்பாவிடம் திரும்பினார். “இனிமே ஸ்டோர்ல கண்ணு முழிக்கிற வேலை இவருக்கு வேண்டாம். தூங்குறதும் மருந்துதான்.”

ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே பெஞ்சில் நானும் அவனும் உட்கார்ந்திருந்தோம்.

“ஆனா அந்த மூணு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு பாப்பா” என்றான்.

“தெரியும்ணே.”

உள்ளே கூப்பிட்டார்கள். அவன் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டேன். இப்படி ஆகிவிட்டானே என்று அழுகை வந்தது. அப்படி ஒரு மூன்று மாதம் எனக்கு வாய்க்கவில்லையே என்றும் தோன்றத்தான் செய்தது.