முதலை இல்லாத ஆய்வேடு

நேற்று கோழிக்கடையில் தம்பி மகள் சொன்னாள்: "அத்தே, கோழிக்கு ஓணானவிட முதலைதான் கிட்டத்துச் சொந்தமாம். எங்க புக்லயே போட்டிருக்குது." தராசையே முறைத்துக்கொண்டு நின்றேன். கடைக்கார பாய், "இன்னாம்மா, எடை கம்மின்னு டவுட்டா?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, என் முகமே அப்படித்தான்.

சந்தேகப் புத்தி எனக்கு ஆம்பூர்ச் சொத்து. அப்பாவுக்குத் தோல் கிடங்கில் தரம் பிரிக்கிற வேலை. வெள்ளாட்டுத் தோல் கட்டுக்குள் செம்மறித் தோலை நுழைத்துவிடுவார்கள் என்று அங்கே எல்லோருக்கும் எல்லோர் மேலும் சந்தேகம். மயிர் போகத் தோலை ஊறவைக்கிற சுண்ணாம்புத் தொட்டியில் எழுத்து நிற்காது. அதனால் தோலின் ஓரத்தில் அவரவர் அடையாளத்துக்கு ஓட்டை போடுவார்கள். என் பள்ளிக்கூடச் செருப்பிலும் அப்பா ஒரு ஓட்டை போட்டிருந்தார்!

எண்பதுகளில் வேலூரில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். மரபணுவை நேராகப் படிக்க எங்களுக்கு ஏது வசதி? மரபணுவின் சொல்படி உடம்பு செய்கிற புரதங்களை ரத்தத்திலிருந்து பிரித்து, எந்த விலங்குக்கு எது உறவு என்று ஒப்பிடுவோம். ஐஸ் பெட்டியில் லேபிள் ஊறி உரிந்துவிடும். நான் சும்மா இருப்பேனா? டியூபின் ரப்பர் மூடியில் பிளேடால் வெட்டி வைத்தேன். கோழிக்கு ஒரு வெட்டு, ஓணானுக்கு இரண்டு, முதலைக்கு மூன்று.

ஒப்பிட்டதில் கோழியும் முதலையும் நெருங்கி வந்தன, ஓணான் தள்ளி நின்றது. என் வழிகாட்டிப் பேராசிரியர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னாம்மா, தோல் கிடங்கா? டியூப மாத்திட்டே."

"இல்ல சார்."

"பின்னே செதில் வெச்ச ரெண்டும் எப்படிப் பிரியும்?"

கோழிக் காலிலும் செதில்தானே, இவர் பார்த்ததே இல்லையா என்று வாய்வரை வந்தது. ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர், விழுங்கிக்கொண்டேன்.

மறுபடி செய்தோம். பெட்டிக்கு அவர் ஒரு பூட்டுப் போட்டார். மனுஷன் எதையாவது கலந்து என் பட்டத்தைக் கெடுத்துவிடுவார் என்று நானும் ஒரு பூட்டுப் போட்டேன். அதே முடிவுதான் வந்தது.

"பேஜார் பண்ணாதேம்மா. முதலைய எடுத்துடு, கையெழுத்துப் போடறேன்."

எடுத்தேன். பட்டம் வந்தது. அந்த ஆய்வு அறைப் பக்கம் போகவே பிடிக்காமல் வங்கி வேலைக்குப் போய்விட்டேன். கொடுமை என்னவென்றால், போகப் போக நானே நம்பிவிட்டேன், டியூபை மாற்றித்தான் இருப்பேன் என்று. இரண்டு பூட்டுப் போட்டும் என்னை நானே சந்தேகப்பட்டேன், பாருங்கள்.

அந்த அறை இருந்த இடத்தில் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள். ஆய்வேட்டிலிருந்து கழித்த முதலைத் தாள்கள் எந்தக் குப்பையில் போயினவோ. "நான் மாத்தல சார்" என்று இன்றைக்கு உரக்கச் சொல்வேன். ஆத்திரம் அப்படியே இருக்கிறது, அவர்தான் இல்லை.