அப்பா பெயரில் ஒரு விமான டிக்கெட்

2005-ஆம் வருடம், ஏப்ரல் மாதக் கடைசி. பெங்களூரு விமான நிலையம் அப்போது ஊருக்குள்ளேயே, பழைய இடத்தில் இருந்தது. ஈஜிபுராவில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஒரு மதிய வேளையில் அதன் வாசலில் நான் நின்ற ஒரு மணி நேரத்தை இன்றைக்கும் நிமிடம் நிமிடமாக என்னால் சொல்ல முடியும்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் செய்த முட்டாள்தனத்தின் அருமை புரியாது. அப்போது பீன்யாவில் மோட்டார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், பர்ச்சேஸ் பிரிவில் எனக்கு வேலை. அந்தப் பிரிவில் ஒரு சட்டம் உண்டு. ஒரு பெட்டி திருகாணி வாங்குவதென்றாலும் மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்க வேண்டும். மூன்றையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது நல்லது, ஏன் நல்லது என்று ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். அந்தத் தாள் போடுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று எனக்கே ஒரு மிதப்பு. வீட்டுக்கு மிக்ஸி வாங்கினாலும் மூன்று கடை ஏறி இறங்குவேன். "என்னக் கட்டிக்கும்போது மத்த ரெண்டு கொட்டேஷன் யாருது?" என்று என் கணவர் கேலி செய்வார்.

இந்த லட்சணத்தில்தான் கிரெடிட் கார்டு வாங்கினேன். அந்த வருடங்களில் பெட்ரோல் பங்க், கடை வாசல், தொழிற்சாலை கேட் என்று எங்கே பார்த்தாலும் டை கட்டிக்கொண்டு கார்டு விற்பவர்கள் நிற்பார்கள். எனக்கு அந்தக் கார்டுகள் மேல் ஆசையில்லை. என் ஒரே தங்கை டெல்லியில் நர்ஸ். அவள் கணவர் ராணுவத்தில். எங்களுக்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் போய் நாலு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. டெல்லிக்கு ரயிலில் போனால் இரண்டு ராத்திரி. அவளுக்கு ஏதாவது ஒன்று என்றால் நான் எப்படி ஓடுவேன் என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது. செலவு செய்யச் செய்யப் பாயிண்ட் சேர்ந்து, விமான டிக்கெட்டாகவே கொடுக்கும் கார்டு இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் மூன்று வங்கிகளின் காகிதங்களை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதில் பாயிண்ட் சீக்கிரம் சேரும், எதில் வருடம் முடிந்தால் காலாவதியாகும், எந்த நாட்களில் டிக்கெட் தரமாட்டார்கள் என்று பொடி எழுத்தையெல்லாம் படித்துத் தாள் போட்டேன். இரண்டு வாரம் ஆனது.

தேர்ந்தெடுத்த வங்கியின் ஏஜெண்ட் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கேண்டீனுக்கே வந்தார். "எல்லாத்தையும் நான் ஃபில் பண்ணிக்கிறேன் மேடம். பென்சில்ல இண்ட்டு போட்டிருக்கற எடத்துல சைன் மட்டும் போடுங்க" என்றார். சாப்பாட்டு நேரம் முடிந்ததற்கு மணி அடித்துவிட்டது. தயிர் சாதக் கையைக் கழுவிவிட்டு வந்து மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வாரம் ஆராய்ந்தவள், காலிப் படிவத்தில் கையெழுத்துப் போட அரை நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

கார்டு வந்தது. அதில் முதலில் அப்பாவின் முழுப்பெயர், அடுத்து என் பெயர். நாம்தான் இனிஷியலை முன்னால் போடுகிறவர்களாயிற்றே. கல்யாணத்துக்குப் பிறகும் கம்பெனி ரெக்கார்டில் நான் அப்பாவின் இனிஷியலை மாற்றவில்லை. ஏஜெண்ட் அதை விரித்து, அப்படியே 'ஃபர்ஸ்ட் நேம்' என்ற முதல் கட்டத்தில் எழுதிவிட்டிருக்கிறார். எனக்கு அது தவறாகவே படவில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது. மேலெழும்பி நின்ற அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு பர்ஸில் வைத்தேன்.

ஒன்றரை வருடம் மளிகை, துணி, மருந்து என்று எல்லாவற்றையும் அந்தக் கார்டிலேயே வாங்கினேன். ஒருவர் டெல்லி போய் வரும் அளவுக்குப் பாயிண்ட் சேர்ந்தபோது தங்கை நிறைமாதமாக இருந்தாள். இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, வலி வரும்வரை காத்திருக்க முடியாது என்று டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார். அவள் கணவருக்கு எல்லையிலிருந்து லீவு கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட வீட்டு ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தினமும் போனில் அவள் கேட்டது ஒன்றுதான். "அக்கா, நீ வந்துடுவ இல்ல?"

"டிக்கெட் கைக்கு வந்தாச்சுடி. கவலைப்படாத" என்றேன்.

கூரியரில் வந்த டிக்கெட்டில் தேதியை மூன்று முறை சரிபார்த்தேன். நேரத்தையும் விமான எண்ணையும் பார்த்தேன். பெயர் இருந்த இடத்தில் அப்பாவின் பெயர் கண்ணில் பட்டதும், சரி, நம்முடையதுதான் என்று கண் தாண்டிப் போய்விட்டது.

மறுநாள் காலை ஆபரேஷன். இரண்டரை மணி விமானத்துக்கு நான் பன்னிரண்டே முக்காலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு குடை, ஒரு சின்ன மேஜை. அங்கேயும் கார்டு விற்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும், காதோரம் நரைத்திருந்தது. பொருந்தாத டை. "மேடம், ட்ராவல் கார்டு..." என்று ஆரம்பித்தார்.

"மூணு பேங்க் கம்பேர் பண்ணித்தான் ஏற்கெனவே ஒண்ணு வாங்கியிருக்கேன். என்கிட்ட உங்க வியாபாரம் ஆகாது" என்று நிற்காமலே சொல்லிவிட்டுப் போனேன். அந்தத் தோரணையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வாசலில் இருந்த காவலர் டிக்கெட்டைப் பார்த்தார். என் வாக்காளர் அட்டையைப் பார்த்தார். மறுபடியும் டிக்கெட்டைப் பார்த்தார். டிக்கெட்டில் இருந்தது 'மிஸ்டர்' என்ற பட்டத்தோடு அப்பாவின் முழுப்பெயர். அதன் கடைசியில் என் பெயருக்காக ஒரே ஓர் எழுத்து. பெயரைப் பார்த்து ஆண் என்று யாரோ தட்டியிருக்கிறார்கள், இடம் போதாமல் என்னைச் சுருக்கியிருக்கிறார்கள். வாக்காளர் அட்டையிலோ என் பெயருக்குக் கீழே கணவர் பெயர். ஆக, டிக்கெட்டில் ஓர் ஆண், அட்டையில் வேறோர் ஆண், நிற்பது நான்.

"இந்த ஆள் எங்கே?" என்று இந்தியில் கேட்டார்.

எனக்குத் தெரிந்தது தொழிற்சாலை இந்தி. பதற்றத்தில், "அவர் செத்துப்போய் ஆறு வருஷமாச்சு" என்று சொல்லிவிட்டேன். காவலர் ஓரடி பின்வாங்கி, கையை நீட்டி வழியை மறித்தார். எனக்குப் பின்னால் இருந்தவர்கள் தள்ளுவண்டியோடு என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.

வெளியே இருந்த விமான நிறுவனத்தின் ஜன்னலுக்கு ஓடினேன். அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். பாயிண்டுக்குக் கொடுத்த டிக்கெட்டில் பெயரை நாங்கள் தொட முடியாது, உங்கள் வங்கியிலிருந்து எழுத்தில் வர வேண்டும் என்றாள். வேறு டிக்கெட் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். பள்ளி விடுமுறை, இன்று எந்த விமானத்திலும் இடமில்லை, நாளை மாலைதான் என்றாள். நாளை மாலை எனக்கு எதற்கு? ஒன்றே முக்காலுக்கு கவுண்டரை மூடிவிடுவார்கள் என்றும் சொன்னாள். அப்போது மணி ஒன்று.

கணவரைக் கூப்பிடலாமென்றால் அவர் ஷிஃப்டில் இருந்தார், உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். வங்கியின் எண்ணை அழுத்தினேன். ஆங்கிலத்துக்கு ஒன்று, இந்திக்கு இரண்டு. பாயிண்ட் விவரத்துக்கு நான்கு. அப்புறம் ஒரே பாட்டு. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல், மறுபடியும் பாட்டு. ஏழு நிமிடம் அந்தப் பாட்டைக் கேட்டேன். ப்ரீபெய்ட் போன், பேலன்ஸ் தீர்ந்து பொட்டென்று கட்டாகிவிட்டது. தங்கை தனியாக ஆபரேஷன் தியேட்டர் வாசலில் படுத்திருப்பது கண்ணெதிரே தெரிந்தது. பெட்டியின் மேலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"மேடம், ஏனாச்சு?" என்று பக்கத்தில் கன்னடத்தில் ஒரு குரல் விசாரித்தது. குடைக்குக் கீழே நின்ற அதே கார்டுக்காரர்தான். தமிழா கன்னடமா என்று பார்க்காமல் வாயில் வந்ததில் எல்லாவற்றையும் கொட்டினேன். டிக்கெட்டை வாங்கிப் பார்த்தவரின் முகம் மாறியது. தன் போனை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுத் தமிழிலேயே சொன்னார்.

"அந்த நாலாம் நம்பர அமுக்காதீங்க. எந்த பேங்கா இருந்தாலும் சாயந்தரம் வரைக்கும் பாட்டுதான். கார்டு தொலஞ்சு போச்சுன்னு ஒரு நம்பர் சொல்லுவான் பாருங்க, அத அமுக்குங்க. அதுக்கு மட்டும் டக்குனு எடுப்பாங்க."

"கார்டு என் பையில இருக்கே. பொய் சொல்ல..."

"பொய் சொல்ல வேணாம் மேடம். எடுத்ததும் உண்மைய சொல்லுங்க. மனுஷக் குரல் கெடச்சா போதும், அப்புறம் ஃபோன வைக்கவே விடாதீங்க."

இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார்கள். இது வேறு பிரிவு என்று சலித்துக்கொண்டார்கள். நான் விடவில்லை. பிறந்த தேதி, அம்மா பெயர், கடைசியாக வாங்கிய பொருள் என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசியில் ஒரு மேலதிகாரி வந்தார். டிக்கெட்டில் இருப்பவரும் கார்டு வைத்திருப்பவரும் ஒருவரே என்று ஃபேக்ஸ் அனுப்புகிறேன், எண் கொடுங்கள் என்றார். நான் பேசி முடிப்பதற்குள் கார்டுக்காரர் ஜன்னலுக்கு ஓடி ஃபேக்ஸ் எண்ணைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

அப்புறம் காத்திருந்தோம். ஒன்றரை ஆனது. ஃபேக்ஸ் வரவில்லை. அவருடைய மேஜையில் ஆளில்லை, போகிற வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். "உங்க வேலை கெடுது. நீங்க போங்க" என்றேன்.

அவர் போகவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "நான் இந்த லைனுக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு மேடம். அதுக்கு முன்னாடி பீன்யாவுல லேத் ஓட்டிட்டு இருந்தேன். கம்பெனி மூடிட்டாங்க. மொதல் மாசம் நானும் இப்படித்தான் எழுதினேன், இனிஷியல விரிச்சு முன்னாடி கட்டத்துல. நம்ம ஜனங்க ஃபார்ம் ஒரு முப்பது நாப்பது இருக்கும். அப்புறம்தான் ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார், தப்புன்னு. போனது போயிடுச்சு. அவங்கள்லாம் எங்கெங்க மாட்டிக்கிட்டு நிக்கிறாங்களோ."

கேண்டீனுக்கு வந்த அந்த ஏஜெண்டை அதுவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது யார்?

ஒன்று முப்பத்தெட்டுக்கு ஜன்னலில் இருந்த பெண் கையை ஆட்டினாள். ஃபேக்ஸ் தாள் இன்னும் சூடாக இருந்தது. டிக்கெட்டில் என் பெயரைக் கையால் எழுதி, முத்திரை குத்தி, அந்தத் தாளையும் சேர்த்து பின் அடித்துக் கொடுத்தாள். பெட்டியைத் தூக்கினேன். ஓடும் முன் அவரிடம், "உங்க ஃபார்ம் ஒண்ணு குடுங்க. கையெழுத்துப் போட்டுத் தர்றேன். உங்களுக்கு ஒண்ணு சேரட்டும்" என்றேன்.

"வேணாம் மேடம்" என்றார். "அவசரத்துல எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. போய் உங்க சிஸ்டர பாருங்க."

விமானம் மேலே ஏறும்போது மற்றவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். நான் மடியில் இருந்த டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து அப்பாதான் எனக்கு இனிஷியல். அந்த டிக்கெட்டில் நான் அப்பாவுக்கு இனிஷியலாக இருந்தேன். வாழ்நாளில் விமானத்தில் ஏறாத மனிதர் அவர்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். பாதிக் கட்டங்கள் காலி. கையெழுத்து மட்டும் போடுங்கள், மற்றதை நாங்கள் எழுதிக்கொள்கிறோம் என்றார்கள். தங்கை தள்ளுகட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை வாங்கி, ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுக் கேட்டு நானே நிரப்பினேன். அவள் பெயரை அவள் கட்டத்திலும், அப்பா பெயரை அப்பாவின் கட்டத்திலும் எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். பதினொரு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது விமான நிலைய வாசலில் அந்தக் குடை இல்லை. பக்கத்து டீக்கடையில் விசாரித்தேன், ஆளை எங்கேயோ மாற்றிவிட்டார்களாம். அவர் பெயரை நான் கேட்கவேயில்லை. இன்றைக்கும் கார்டு விற்பவர் யாரைப் பார்த்தாலும் கொஞ்சம் நின்று, இனிஷியலை எந்தக் கட்டத்தில் எழுதுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் நகர்கிறேன். எங்கெங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறார்களோ என்று அவர் கவலைப்பட்டாரே, அந்த முப்பது நாற்பது பேரில் ஒருத்தியாகவே என்னையும் நினைத்துக்கொள்கிறேன். அதில் ஒருத்தி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தால் எனக்குப் போதும்.