கரி படாத ஸ்டவ்

மலைமேல் கூடாரம் போட்டுத் தங்கப் போகும் மகனுக்காகச் சின்ன கேஸ் அடுப்பு ஒன்றைக் கடையில் பார்த்தபோது, என் கை தானாக அதைக் கவிழ்த்துப் பார்த்தது. அது அம்மாவின் பழக்கம்.

அப்போது நாங்கள் கோவில்பட்டியில் இருந்தோம். பருத்தி வாங்க விளாத்திகுளம் போய்த் தங்கும் அப்பா, அங்கே சமைத்துக்கொள்ள ஒரு மண்ணெண்ணெய் பம்பு ஸ்டவ் வாங்கிப் போனார். ஒரு மாதம் கழித்துத் திரும்பியபோது அம்மா ஸ்டவ்வைக் கவிழ்த்துப் பார்த்தாள்; கரியே படவில்லை. அப்பா சதை போட்டிருந்தார்.

"உங்களுக்கு யாரு பொங்கிப் போட்டா?" என்றாள் அம்மா.

"நாந்தான். ஸ்டவ்வு வெடிச்சிரும்னு பயந்து, கல்லு கூட்டிப் பொங்குனேன்."

அம்மா நம்பவில்லை. அடுத்த தடவை என்னையும் இழுத்துக்கொண்டு அவரோடு பஸ் ஏறினாள்.

அங்கே அப்பா மூன்று கல் கூட்டி, புகையில் கண் கலங்க ஊதி, கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார். நல்ல ருசி. ஒரு வாய் சாப்பிட்டதும் அம்மாவின் முகம் இன்னும் இறுகியது.

"இந்தப் பக்குவத்தை எவ சொல்லித் தந்தா?"