சனோபர் டீச்சர் தூங்கிய ஞாயிறு

வடகரையிலிருந்து காலை ஏழு மணி பஸ்ஸில் தென்காசிக்கு வரும் சனோபர் டீச்சருக்கு நாற்பத்திரண்டு வயது. தனியார் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் கணக்கு எடுக்கிறாள். கணவன் அஃப்சலுக்கு ஷார்ஜாவில் சூப்பர் மார்க்கெட் வேலை. வீட்டில், நாளுக்கு ஒன்பது மாத்திரை விழுங்கும் மாமியார் ஹைருன் பீவியும் பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் அதீபாவும். டீச்சருக்கு இடுப்பு வலி உண்டு, பிரஷர் உண்டு. தூக்கம் இல்லாத வியாதியும் இருப்பதாக அவளே சொல்லிக்கொள்வாள். உண்மையில் தூக்கம் வந்துகொண்டேதான் இருந்தது. அதற்கு இடம் கொடுக்கத்தான் அந்த வீட்டில் நேரம் இல்லை.

இவை அத்தனைக்கும் அஃப்சலிடம் மருந்து இருந்தது. தினமும் வீடியோ காலில் வந்து சொல்வான்.

"தண்ணி நெறைய குடி. சாயங்காலம் ஒரு மணி நேரம் நட. டென்ஷன் ஆகாத. மனசு நல்லா இருந்தா ஒடம்பு தன்னால நல்லா இருக்கும், பாத்துக்க."

சொல்லி முடித்த கையோடு, உம்மாவைச் செங்கோட்டைக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப் போவது, மோட்டார் ரிப்பேர்காரனைப் பிடிப்பது, தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குத் தலைகாட்டுவது என்று நாலு வேலையையும் சொல்லிவிட்டு, டென்ஷன் இல்லாமல் போனை வைப்பான்.

குற்றாலத்தில் சீசன் சூடுபிடித்திருந்த ஒரு வியாழக்கிழமை பள்ளியில் சுற்றறிக்கை வந்தது. தாளாளர் விஜயசங்கர் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆசிரியர்களின் உடலும் மனமும் சமநிலையில் இருக்க வேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்தோடு வரும் ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவி சாலையில் உள்ள ஒரு விடுதியில் நல்வாழ்வு முகாம் நடக்கும். காலை ஆறு மணிக்கு வந்துவிட வேண்டும். வெள்ளை உடை. யோகா விரிப்பு இல்லாதவர்கள் வீட்டிலிருந்து பெட்ஷீட் கொண்டுவரலாம். வராதவர்களுக்கு ஒரு நாள் விடுப்பு கழிக்கப்படும்.

"கெடைக்கறதே ஒத்த ஞாயித்துக்கெழம. அதையும் புடுங்கிட்டு, நிம்மதியா இருன்னு சொல்லுதாரு" என்றாள் தமிழ் எடுக்கும் பேராச்சி டீச்சர். ஆய்க்குடிக்காரி. சனோபரைவிட எட்டு வயது மூத்தவள், வாய் அதைவிட மூப்பு.

"போகாம இருக்க முடியுமாக்கா?" என்றாள் சனோபர்.

"இருக்கலாம். பொறவு திங்கக்கெழம அவரு மொகத்த யாரு பாக்க?"

ஞாயிறு ஆறு மணிக்குள் ஐந்தருவி சாலைக்கு வந்து சேர்வதற்காக சனோபர் மூன்றரைக்கே எழுந்தாள். இடியாப்பம் பிழிந்து, மதியத்துக்குக் குழம்பு வைத்து, ஒன்பது மாத்திரைகளையும் மூன்று சின்னக் கிண்ணங்களில் பிரித்து வைத்து, அதீபாவுக்குச் சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் புறப்பட்டாள். சமநிலையை அடைவதற்குள் அன்றைய நாளின் பாதி வேலை முடிந்திருந்தது.

பயிற்சியாளர் சென்னையிலிருந்து வந்திருந்தார். சட்டைக் காலரில் மைக் மாட்டி, செருப்பில்லாமல் நடந்தார். முதலில் ஒரு நர்ஸ் எல்லோருக்கும் பிரஷர் பார்த்து எழுதிக்கொண்டாள். சனோபருக்கு நூற்று அறுபதுக்கு நூறு. நர்ஸ் இரண்டாவது முறை பார்த்து, அதையே எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

பிறகு ஆளுக்கொரு தாள் கொடுத்து, ஒரு நாளில் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் போகிறது என்று எழுதச் சொன்னார் பயிற்சியாளர். சனோபர் ஒழுங்காக எழுதிக் கூட்டிப் பார்த்தாள். இருபத்தாறரை மணி நேரம் வந்தது. கணக்கு டீச்சர் ஆயிற்றே, இன்னொரு தரம் கூட்டினாள். அப்போதும் அதேதான்.

பயிற்சியாளர் தாளை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "மேடம், எல்லாருக்கும் ஒரு நாளைக்கு இருபத்து நாலு மணி நேரம்தான்."

"தெரியும் சார். சோறு பொங்கும்போதுதான் மகளுக்குப் பாடம் சொல்லிக் குடுப்பேன். பஸ்ல வரும்போது நோட்டு திருத்துவேன். ரெண்டையும் தனித்தனியா எழுதினதுல கூடிட்டு."

"ஒரே நேரத்துல ரெண்டு வேலை செய்யறதுதான் மன அழுத்தத்துக்கே காரணம். அதை விட்டுடணும்."

"எந்த வேலய சார் விடணும்?"

அது அடுத்த அமர்வில் வரும் என்றார். அடுத்த அமர்வில் அவர் சிரிப்புப் பயிற்சி நடத்தினார். பதினெட்டு ஆசிரியர்கள் கைகளைத் தூக்கிக்கொண்டு, ஒரு காரணமும் இல்லாமல் ஐந்து நிமிடம் ஹாஹா என்றார்கள். தாளாளர் முதல் வரிசையில் நின்று மற்றவர்களின் வாயைக் கண்காணித்தார்.

பத்தரை மணிக்கு எல்லோரையும் மல்லாக்கப் படுக்கச் சொன்னார்கள். ஜன்னல்களை மூடினார்கள். பயிற்சியாளர் ஸ்பீக்கரில் ஒரு அருவியின் சத்தத்தைப் போட்டார். "கண்ணை மூடுங்க. நீங்க ஒரு அருவிக்குக் கீழே நிக்கறதா நினைச்சுக்குங்க."

"கூப்புடு தூரத்துல அஞ்சருவி விழுது. ஜன்னலச் சாத்திட்டு ரேடியோல அருவி போடுதான்" என்று பேராச்சி பக்கத்துப் பெட்ஷீட்டிலிருந்து முணுமுணுத்தாள்.

சனோபரின் காதில் அது விழவில்லை. வலது கால் பெருவிரலைத் தளர்த்துங்கள் என்று பயிற்சியாளர் சொன்னதுதான் அவளுக்குக் கடைசி ஞாபகம். இடது காலுக்கு அவர் போவதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.

மற்றவர்கள் எழுந்தார்கள். உட்கார்ந்தார்கள். கோபத்தைக் காகிதத்தில் எழுதிக் கிழித்துப் போட்டார்கள். பன்னிரண்டு மணிக்குப் பயிற்சியாளர் அவள் காதருகே சின்ன மணி ஒன்றை அடித்துப் பார்த்தார். அசைவில்லை. தோளைத் தட்டச் சொல்லிப் பேராச்சியிடம் சைகை காட்டினார்.

"தட்ட மாட்டேன். நீங்களும் தட்டாதிய" என்று சொல்லிவிட்டுப் பேராச்சி தன் துப்பட்டாவை எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டாள்.

மூன்றே காலுக்கு சனோபர் தானாக எழுந்தாள். சாப்பாடு முடிந்திருந்தது. சுற்றிலும் எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கத்தில் அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஆனால் உடம்பு இறகு மாதிரி இருந்தது. நர்ஸ் மறுபடி பிரஷர் பார்த்தாள். நூற்று இருபத்து நாலுக்கு எண்பது.

பயிற்சியாளர் மைக்கைச் சரிசெய்துகொண்டார். தன் முறையில் இவ்வளவு ஆழமான தளர்வு நிலைக்குப் போனவர்கள் வெகு சிலரே என்றார். தாளாளர் முதல் ஆளாகக் கை தட்டினார்.

அன்று மாலையே பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தில் படம் வந்தது. வாயைத் திறந்துகொண்டு தூங்கும் சனோபர் டீச்சர். கீழே, 'ஆழ்ந்த தியானத்தில் எங்கள் ஆசிரியை'. ஷார்ஜாவிலிருந்து போன் வந்தது.

"என்னட்டி இது, ஊரே பாக்க வாயப் பொளந்துட்டுக் கெடக்க?"

"தியானம்ங்க" என்றாள் சனோபர்.

திங்கட்கிழமை விஜயசங்கர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். "நம்ம ஸ்கூலோட நல்வாழ்வுத் தூதர் இனிமே நீங்கதான் டீச்சர். வாரா வாரம் வெள்ளிக்கெழம கடைசி பீரியடு, லேடி டீச்சர்ஸ் எல்லாருக்கும் நீங்க பயிற்சி குடுக்கணும். ஆளாளுக்கு அழுத்தம் எவ்வளவுன்னு பத்துக்கு மார்க் போட்டு, போட்டோவோட ரிப்போர்ட் சனிக்கெழம என் டேபிள்ல இருக்கணும்."

"சார், எனக்கு ஏற்கெனவே சனிக்கெழம ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு."

"அதையும் எடுங்க. பேலன்ஸ் பண்ணத்தான கத்துக்கிட்டு வந்திருக்கிய."

ஆக, நன்றாகத் தூங்கியதற்குத் தண்டனையாக அவளுக்கு வாரம் மூன்று மணி நேர வேலை கூடியது. இருபத்தாறரை இன்னும் கொஞ்சம் நீண்டது.

முதல் வெள்ளி பயிற்சியாளர் அனுப்பிய குறிப்புகளை அவள் வாசித்தாள். வந்திருந்த பதினோரு ஆசிரியைகளும் கண்ணை மூடுவதுபோல் மூடி, மடியில் வைத்து நோட்டு திருத்தினார்கள். அடுத்த வெள்ளி அவள் குறிப்புகளைக் கொண்டுவரவில்லை. நூலக அறையின் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். ஃபேனை முழு வேகத்தில் வைத்தாள். போன்களையும் நோட்டுகளையும் வாங்கி ஒரு கூடையில் போட்டாள்.

"படுங்க" என்றாள்.

"பொறவு?" என்றாள் பேராச்சி.

"பொறவு ஒண்ணுமில்ல. பெல் அடிக்கும்போது எழுப்புதேன்."

அறிக்கையில் 'ஆழ்ந்த தளர்வுப் பயிற்சி, நாற்பது நிமிடம்' என்று எழுதினாள். மூன்றே வாரத்தில் எட்டு, ஒன்பது என்றிருந்த அழுத்த மதிப்பெண் நாலுக்கு இறங்கியது. வெள்ளிக்கிழமை விடுப்பு எடுக்க ஆளில்லை. விஜயசங்கர் வரைபடம் போட்டுச் சுவரில் மாட்டினார். அதோடு நிற்கவில்லை. கீழப்பாவூர்ப் பக்கத்துப் பள்ளித் தாளாளர்கள் மூன்று பேரைத் தன் சாதனையைக் காட்ட அழைத்துவந்து, நூலகக் கதவைத் தட்டினார்.

சனோபர் எழுந்து திறந்தாள். உள்ளே பதினோரு ஆசிரியைகள் புத்தக அலமாரிகளுக்கு நடுவே கிடந்தார்கள். பேராச்சியின் குறட்டை வராந்தா வரை வந்தது. விழித்திருந்தவள் சனோபர் மட்டும்தான். ஆளுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தாள்.

விருந்தாளிகளில் பெரியவர் ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இது என்ன முறைம்மா?"

"தூக்கம் சார்."

அவர் தலையை நீட்டி உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு, "எனக்கு அது வந்து ரெண்டு வருசம் ஆச்சு" என்றார். விஜயசங்கரின் முகம் மட்டும் சிவந்தது.

திங்களன்று சுற்றறிக்கை வந்தது. பணி நேரத்தைப் பயனுள்ளதாக்கும் பொருட்டு வெள்ளிக்கிழமைப் பயிற்சி நிறுத்தப்படுகிறது. அந்த நேரத்தில் பின்தங்கிய மாணவர்களுக்குச் சிறப்பு வகுப்பு. அந்த வாரமே சனோபர் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். பிரஷர் மாத்திரையை எழுதிக் கொடுத்த டாக்டரம்மா, எத்தனை மணி நேரம் தூங்குகிறாய் என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். வீட்டில் மாத்திரைக் கிண்ணங்கள் அதீபா பொறுப்புக்குப் போயின. மோட்டார் ரிப்பேர்காரனின் நம்பரை சனோபர் ஷார்ஜாவுக்கு அனுப்பிவைத்தாள். அங்கிருந்தும் போன் பேசலாம் அல்லவா. ஹைருன் பீவி இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் தானே வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

செப்டம்பரில் பயிற்சியாளரின் நிறுவனம் பள்ளிக்கு ஒரு விருது அறிவித்தது. 'மன அழுத்தமற்ற வளாகம்'. விழா ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு. முன்னாள் நல்வாழ்வுத் தூதர் மேடைக்கு வந்து நாலு வார்த்தை பேச வேண்டும். சனோபர் டீச்சர் வரவில்லை. போனும் அணைந்திருந்தது. பேராச்சிதான் மேடையேறி, சிரிக்காமல் பேசிவிட்டு இறங்கினாள்.

மறுநாள் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. வராததற்கான காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கவும். சனோபர் அதன் கீழேயே, கரும்பலகையில் எழுதும் அதே தெளிவான கையெழுத்தில் 'தூங்கினேன்' என்று எழுதி, தேதி போட்டு, அலுவலகத்தில் கொடுத்துவிட்டு ஒன்பதாம் வகுப்புக்கு நடந்தாள். ஒரு நாள் விடுப்பைக் கழித்துக்கொண்டார்கள்.