பட்டாளத்துக் கோட்டும் ஜமால் பாயும்

திங்கட்கிழமை காலை உக்கடம் பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் ஜமால் பாயின் கடை பூட்டியிருந்தது. பக்கத்தில் தகரப்பெட்டி விற்கும் மாரப்பன், "பாய் தவறிட்டாருங்க சார்" என்றார்.

"எங்கே விழுந்தார்? அடி பலமா?" என்று கேட்டேன்.

மாரப்பன் என்னையே பார்த்தார். "உழுகலைங்க சார். நேத்துக் காலைல டீ குடிச்சுப்போட்டு உக்காந்தவரு, அப்படியே போய்ட்டாருங்க. சாயந்திரமே அடக்கம் பண்ணிட்டாங்க."

முப்பத்தைந்து ஆண்டுகள் கல்லூரியில் கணிதம் நடத்தியவனுக்கு அந்த ஒரு சொல்லின் பொருள் பிடிபட அவ்வளவு நேரம் ஆயிற்று. வியாழக்கிழமைதான் அவரோடு பேசியிருந்தேன். இதை எழுதும்போதும் 'சொல்கிறார்' என்று எழுதிவிட்டு, அடித்து, 'சொன்னார்' என்று திருத்துகிறேன்.

பட்டாளத்தில் கழித்துவிட்ட கம்பளி, பூட்ஸ், தண்ணீர்க் குடுவை என்று அவர் விற்றவற்றை உங்களில் பலர் வாங்கியிருப்பீர்கள். அவரோடு நீண்ட நாள் பழகியவர்கள் எழுதவேண்டிய இடம் இது. எனக்கும் அவருக்கும் ஒரு மாதப் பழக்கம்தான். பிழை இருந்தால் பொறுக்கவும்.

நான் போனது ஒரு கோட்டுக்காக. என் மகள் சிம்லாவில் இருக்கிறாள். குளிருக்கு முன் ஒருமுறை வந்து போங்கள் என்று ஆறு ஆண்டுகளாக எழுதுகிறாள். இந்த ஆண்டு, மருமகனுக்கு மார்கழியில்தான் விடுப்பு, அப்போதாவது வாருங்கள் என்று எழுதியிருந்தாள்.

பாய் ஒரு கனத்த காக்கிக் கோட்டை எடுத்துப் போட்டார். கழுத்துப் பட்டையில் முப்பத்தெட்டு என்று மங்கிய எண். நான் வீட்டிலிருந்து கொண்டுபோன அளவு நாடாவால், பொத்தான்களை மாட்டி, கோட்டை மேசையில் பரப்பி மார்புச் சுற்றை அளந்தேன். நாற்பத்தாறு அங்குலம் வந்தது. மறுபடி அளந்தேன். அதே நாற்பத்தாறு.

"எண் தப்பாக இருக்கிறதே" என்றேன்.

"கோட்ட எதுக்குங்க அளக்கறீங்க? அது எங்கயும் போகாது. உங்கள அளங்க" என்று சிரித்தார். அந்த எண் ஆளின் மார்பளவு என்றும், உள்ளே உடுப்பும் ஸ்வெட்டரும் போட இடம் விட்டுத்தான் தைப்பார்கள் என்றும் விளக்கினார். எனக்கு நாடா மீதுதான் நம்பிக்கை. என் முப்பத்தெட்டு அங்குல மார்புக்கு நாற்பத்தாறு மிகப் பெரிது என்று, முப்பத்துநான்கு எண் போட்ட கோட்டை வாங்கிக்கொண்டு போனேன். வீட்டில் ஸ்வெட்டரின் மேல் போட்டுப் பார்த்ததில் கை தோளுக்கு மேல் எழவில்லை.

மறுநாள் கூச்சத்தோடு போய் நின்றேன். முப்பத்தெட்டை அவர் தனியே ஆணியில் மாட்டி வைத்திருந்தார். "வருவீங்கன்னு தெரியுமுங்க" என்றார். அந்த வெயிலில் இரண்டு ஸ்வெட்டர்களைப் போடச் செய்து, மேலே கோட்டை மாட்டி, இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னார். தோட்டத்தில் யானைக் காவலுக்குக் கம்பளி வாங்க வந்திருந்த தொண்டாமுத்தூர்க்காரர் ஒருவர், "ஏனுங்க பாய், சார் யார்கிட்டீங்க சரணடையறாரு?" என்று கேட்டார்.

"மருமகன்கிட்டத்தானுங்க. அவரு பட்டாளத்துல இருக்கறாராமா" என்றார் பாய்.

எல்லோரும் சிரித்தோம். தோள் தையல் எலும்பைத் தாண்டி அரை அங்குலம் நிற்கிறதா என்று பார்த்தார். குனிந்து செருப்பு வாரைப் பூட்டச் சொன்னார். கைகள் மட்டும் நீளம். வெட்ட வேண்டாம், உள்ளே மடித்துத் தைத்துத் தருகிறேன் என்றார்.

அந்த ஆள் போன பிறகு, "மக ஊட்டுக்குப் போயி எத்தன வருசமாச்சுங்க?" என்று கேட்டார்.

"போனதே இல்லை."

"கல்யாணத்துக்கு?"

"பதிவுத் திருமணம். வேறு சாதி, வேறு மொழி. நான் போகவில்லை. பிறகு கூப்பிட்டபோதெல்லாம் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று எழுதிவிட்டேன்."

பாய் கோட்டின் கையை மடித்துக்கொண்டே இருந்தார். "பாவமுங்க அந்தக் குளிரு. அது மேல பழியப் போட்டுட்டீங்களே" என்றார்.

அந்தச் சொல் என்னோடு வீடு வரை வந்தது. ஆனால் ரயில் நிலையம் வரை நான் போகவில்லை.

வியாழக்கிழமை கோட்டை வாங்கப் போனபோது, "டிக்கெட் போட்டாச்சுங்களா சார்?" என்றார். "போட்டாச்சு" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மடித்துத் தைத்த கையை அவர் நீவிக் காட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "மாரப்பா, சார் மகளப் பாக்கப் போறாருங்கோவ்!" என்று பக்கத்துக் கடைக்குக் கேட்கக் கத்தினார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். அதுதான் கடைசி.

திங்களன்று மாரப்பன் வழி காட்ட, அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்ற அவர் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானுங்களா சிம்லா சார்? அண்ணன் ஊட்ல அத்தன பேர்த்துகிட்டயும் சொல்லிட்டிருந்தாருங்க. எப்பங்க வண்டி?"

சாவு வீட்டில் என்னை விசாரிக்கிறார்கள். "வர்ற மாசம், முதல் வியாழன்" என்றேன். அதுவும் பொய். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "நல்லபடியாப் போய்ட்டு வாங்க" என்றது.

அங்கிருந்து நேரே ரயில் நிலையத்துக்கு நடந்தேன். நான் சொன்ன அந்த வியாழக்கிழமை டெல்லி வண்டியில் இடமில்லை. அதற்கடுத்த சனிக்கிழமைக்குக் கிடைத்தது. திரும்பிப் போய் அவர் தம்பியிடம் சனிக்கிழமை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கோட்டு என்னிடம் இருக்கிறது. அது நான் வாங்கியது. ஜமால் பாய் விட்டுச்சென்றதாக நான் வைத்துக்கொள்வது வேறு. இந்த மனிதர் மகளைப் பார்க்கப் போகிறார் என்று என்னைப் பற்றி ஒருவர் ஐயமே இல்லாமல் நம்பினார். நம்பியபடியே போய்விட்டார். வந்து சேரும் நாளை மகளுக்கு எழுதிவிட்டேன். முதன்முறையாக, மருமகன் பெயரையும் சேர்த்து.